பேராக் தோட்டங்களில் மண் வரைபடம்: ஒரு வரலாற்று நோக்கு

நிலத்தைத் தரம் பிரிப்பது தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் பாடல்கள் நிலத்தை மென்புலம், வன்புலம் எனப் பகுத்தன. முதலாம் இராசராசன் காலத்தில் நாடு அளக்கப்பட்டது. சோழர் ஆட்சியில் நிலங்கள் தரமிடப்பட்டு வரி விதிக்கப்பட்டன. அப்பகுப்பு அரசின் கருவூலத்தை நோக்கியது. எந்த வயலுக்கு எவ்வளவு எரு என்பது அதன் நோக்கமன்று. இன்று செயற்கைக்கோள் இடங்காட்டியும் மண்ணின் மின்கடத்துத்திறனை அளக்கும் கருவியும் கொண்டு ஒரு நிலத்தின் நுண்ணிய வேறுபாடுகளை வரைந்துவிட முடிகிறது. இச்செலவு தகுமா என்னும் வினாவைப் பேராக் தோட்டங்களின் வரலாற்றில் வைத்து நோக்குவது பயன்தரும்.

1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ ஒன்பது இரப்பர் கன்றுகளை நட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகியபோது, மண் எத்தகையது என்பதைவிடக் களை இல்லாத வெற்றுத்தரையே நல்ல நிருவாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. வெளிக்காட்டு வேலையில் தமிழ்த் தொழிலாளர் செதுக்கிய சரிவுகளில் மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. 1925-இல் நிறுவப்பெற்ற இரப்பர் ஆய்வுக் கழகத்தின் மண்ணியலாளர் ஹேன்ஸ், இயற்கையாய் வளரும் அடிச்செடிகளைப் பேணுவது குறித்து 1934-இல் நூலொன்றே எழுத வேண்டியிருந்தது. அதற்குள் இழந்த மண்ணை எந்த வரைபடமும் மீட்டுத் தராது.

பின்னர் மண், தொடர்களாக வகுக்கப்பட்டு, ஊர்ப்பெயர்களால் அழைக்கப்பட்டது. கருங்கல் மலைச்சரிவுகளில் ரெங்கம், களிக்கல் சிதைவில் உருவான மூஞ்சோங், வேர் இறங்க இடந்தராத செம்பொறைக்கல் நிறைந்த மலாக்கா என்பன அவற்றுட் சில. மண் தொடரையும் இலைப் பகுப்பாய்வையும் இணைத்து ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு உர அளவு பரிந்துரைக்கும் முறை வளர்ந்தது. பெருந்தோட்டத்திற்கு இது ஆதாயமே. ஆயிரம் ஏக்கரில் நான்கு வகை மண் இருந்தால் நான்கு வகை முடிவு எடுக்கலாம். ஒரு முறை செய்த செலவு, கால் நூற்றாண்டுக்கு மேல் நிற்கும் மரங்களின்மீது பரவிவிடும்.

ஆனால் 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. இதன் விளைவுகளை உங்கு அஸிஸ் 1962-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். துண்டாடலின் கொடுமையாக வேலையும் வீடும் இழந்த நிலையையே நாம் பெரிதும் பேசியுள்ளோம், அது சரியே. எனினும் மண்ணறிவுக்கு நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் வரைபடத்தில் ஒரு சதுர அங்குலம் 640 ஏக்கர். அதில் ஐந்து ஏக்கர்த் துண்டு 128-இல் ஒரு பங்குதான். பென்சில் முனை பட்டாலே மறையும். பெருந்தோட்டத்திற்குப் பொருந்திய அளவை சிறு உடைமையாளருக்கு எதையும் காட்டாது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் பங்குத் தொகையைக் கொண்டு தோட்டங்களை முழுமையாக வாங்கியது. நிலம் சிதறாததால் அத்தகைய வரைபடத்திற்கும் அங்கே பொருள் இருந்தது என்பது அதிகம் கவனிக்கப்படாத ஒரு நன்மை.

அப்படியாயின் ஐந்து ஏக்கருக்கு நுண்வரைபடம் வேண்டுமா? ஒரே சீரான ரெங்கம் சரிவில் செம்பனை வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. உரம் கையால் இடப்படும் இடத்தில், எந்த நிரையில் மரம் வாடுகிறது என்பதைப் பழைய தண்டலே காட்டிவிடுவார். மேடு, சரிவு, பள்ளம் என மூன்று இடத்தில் துளையிட்டுச் சோதித்தால் போதும். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் நிலை வேறு. ஈயச் சுரங்கங்களில் நீரோடு வெளியேற்றப்பட்ட கழிவில் மணல் அருகிலேயே படிந்தது. சேறு தொலைவில் சென்று தங்கியது. இருபது அடி நடப்பதற்குள் நீர் நில்லாத வெண்மணல் முடிந்து, நீர் வடியாத களி தொடங்கிவிடக்கூடும். மேலே புல் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இங்குப் பழமரம் நட எண்ணுபவர் கன்று வாங்கும் முன்பே நுண்வரைபடத்திற்குச் செலவிடுவது தகும். ஏனெனில் மணலா களியா என்பது மாறாது. ஆண்டுதோறும் மாறும் சத்துகளை வரைபடத்தில் அடைக்க முயல்வதுதான் வீண்செலவு. அவற்றுக்கு அவ்வப்போது செய்யும் இலைப் பகுப்பாய்வே ஏற்றது.