முள்ளை வெட்டுவோம், நிலம் யாருக்கு என்றும் கேட்போம்

பெருமாநல்லூர் வட்டாரத்தில் ஓடைக்கரை, குட்டை, புறம்போக்கு என்று எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அகற்றப் போகும் தன்னார்வலர்களில் நாங்களும் உண்டு. மேலே மட்டும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். வேரோடு தோண்ட வேண்டும். ஆடுமாடுகள் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பும். ஆகவே ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. இந்த வேலையின் நடுவே யாரும் பேசாத ஒரு வரலாறு இருக்கிறது.

இந்த மரம் தானாக வரவில்லை. 1877-இல் சென்னை மாகாண ஆங்கிலேய அரசு விதைகளைத் தருவித்து நட்டது. வறண்ட நிலத்தில் விறகு வளர்ப்பது நோக்கம். அது தாது வருடப் பஞ்ச காலம். அடுத்து வந்த 1882 சென்னை வனச் சட்டம் காட்டில் விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் கட்டுப்பாடு போட்டது. காடும் இல்லை, சொந்தத் தோட்டமும் இல்லை என்றிருந்த சேரி மக்களுக்கு, யாரும் உரிமை கொண்டாடாத முள்மரமே பின்னாளில் அடுப்பெரித்தது. ராமநாதபுரத்தில் இன்றும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு.

நிலமின்மையை அரசும் அறிந்திருந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் தந்த அறிக்கைக்குப் பின், 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் கிணறும் கடனும் கிடைக்காத நிலம் தரிசாகும், தரிசில் முள் ஏறும். முள் ஏறிய நிலத்தைச் 'சும்மா கிடக்கிறது' என்று வளைப்பது எளிது. பறிபோன பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணை போராட்டத்தில், 1994 அக்டோபரில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 13 மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. சில மாதங்களில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களுக்கென்றே தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. நிலத்தடி நீர், பறவைகள், புல்வெளி எல்லாம் விவாதமானது. நியாயமான கவலைதான். பக்கத்திலுள்ள நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சார் தலமானதில் எங்களுக்கும் பெருமைதான்.

ஆனால் ஜேசிபி முள்ளைப் பிடுங்கியதும் வெட்டவெளியாகும் நிலம் யார் கைக்குப் போகிறது? பனியன் கம்பெனிகளும் வீட்டுமனைகளும் நெருக்கும் திருப்பூரில் இது வெறும் கேள்வி அல்ல. எனவே வெட்டுவதற்கு முன் கிராம 'அ' பதிவேட்டைப் பார்ப்போம். பஞ்சமி நிலமானால் உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்வோம். புறம்போக்கானால் வெள்வேல், வேம்பு, கொழுக்கட்டைப்புல் வளர்த்து, நிலமற்றவர்களின் ஆடுகளுக்கு மேய்ச்சல் உரிமை கேட்போம். வெட்டிய விறகு ஏலத்துக்குப் போகாமல், அதை நம்பிய பெண்களுக்கு முதலில் சேரட்டும்.

இவை இல்லாமல் முள்ளை மட்டும் அகற்றினால், அடுத்தவர் வேலி போடுவதற்கு நாம் கூலியில்லாமல் நிலம் திருத்திக் கொடுத்தவர்களாவோம். அந்த வேலையை நம் முன்னோர்கள் போதுமான அளவு செய்துவிட்டார்கள்.