செத்த காலேஜ் முதலில், உயிர் காலேஜ் பிறகு

"அம்மா, பிள்ளைங்களை மெட்ராஸ் கூட்டிக்கிட்டுப் போறேன். ரெண்டே நாள். எதை எதைப் பாக்கலாம், ஒரு லிஸ்ட் போட்டுக் குடு" என்று போன மாதம் மகள் கேட்டாள். பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நாலு. பேனாவை எடுத்ததும் கை தானாக எழுதியது: செத்த காலேஜ். அடுத்த வரி: உயிர் காலேஜ். அதைப் பார்த்து மகள், "பொணவறைக்கா அனுப்புறே?" என்றாள்.

அவள் தலைமுறைக்கு இந்தப் பேர்கள் போய்ச் சேரவில்லை. எங்கள் பக்கத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ் என்றும்தான் பேர். காலேஜ் என்பது கேலிப் பேர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது. 1851இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்று இன்றும் இருக்கிறதே, அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் வைத்தார்கள். சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 கல், கனிமத் துண்டுகள்தான் முதல் சரக்கு. 1854 கடைசியில் அது எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்குப் போய்விட்டது. காலேஜ் என்ற சொல் மட்டும் ஜனங்கள் வாயில் ஒட்டிக்கொண்டு கூடவே போனது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் முதலில் பட்டணம் பார்த்தது 1978 கோடை விடுமுறையில். மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா முண்டியம்பாக்கத்தில் தபால்காரர். நானும் தம்பியும் நச்சரித்து நச்சரித்து அவரைச் சம்மதிக்க வைத்தோம். பயணத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் பெரியப்பா. சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். "செத்ததை மொதல்ல காட்டிடு தம்பி. உசுரோட இருக்கிறதப் பாத்துட்டா இதுங்க எலும்பைத் திரும்பிக்கூடப் பாக்காது" என்றார். பிள்ளைகளை ஊர் சுற்றக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சூத்திரம் எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்படியே நடந்தது. பாசஞ்சர் ரயிலில் எழும்பூரில் இறங்கி, நடந்தே பாந்தியன் சாலை. திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் தம்பி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே உட்கார்ந்து தூக்கிலிருந்து புளிச்சோறு. பிறகு மறுபடியும் நடை, சென்ட்ரல் பக்கம். மூர் மார்க்கெட், அதை ஒட்டி உயிர் காலேஜ். சாயங்காலம் கடற்கரைக்கு மட்டும்தான் பஸ் ஏறினோம். சின்னக் கால்களுக்கு அந்த வழி எட்டியது. நடை முழுதும் இரண்டு ரயில் நிலையங்களுக்கு நடுவில் முடிந்துவிடும்.

இந்த வசதியை யாரும் பிள்ளைகளுக்கென்று யோசித்துச் செய்யவில்லை. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். அங்கே உயிரோடு ஒரு புலிக்குட்டியும் சிறுத்தையும் இருந்தன. 1854இல் அவற்றைக் கிண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அவற்றைப் பார்க்கத்தான் கூட்டம் வந்துகொண்டிருந்தது என்பதால் அடுத்த வருஷமே திரும்பக் கொண்டுவந்தார்கள். பால்ஃபர் கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கிச் சேர்த்தார். ஒரே வருஷத்தில் முந்நூறுக்கு மேல் ஆகிவிட்டது. ஆக, செத்த காலேஜின் வயிற்றில் பிறந்ததுதான் உயிர் காலேஜ். இடம் போதாமல் 1860களின் தொடக்கத்தில் அதை சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். கவர்னர் டிரெவெல்யன் காலத்துப் பூங்கா அது. 116 ஏக்கர், பதினொரு குளங்கள். அப்போது சென்ட்ரல் நிலையமே கிடையாது. அது வந்தது 1873இல். ரயில் வந்ததும் வெளியூர்க் குடும்பங்கள் நேராகப் பூங்காவின் வாசலில் வந்து இறங்கின. மூர் மார்க்கெட் 1900இல் சேர்ந்துகொண்டது.

அந்தப் பூங்காவுக்கு ஒரு கெட்ட நாளும் உண்டு. 1886 டிசம்பர் 31 அன்று பார்க் ஃபேர் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான பேர் செத்துப்போனார்கள். கூட்டத்தில் பிள்ளை கையை விடாதே என்று எங்கள் பெரியவர்கள் ஆயிரம் தடவை சொன்னதற்கு இப்படி எத்தனை கதைகள் பின்னால் இருந்தனவோ.

ஆனாலும் நான் கையை விட்டேன். மூர் மார்க்கெட்டில் ஒரு பொம்மைக் கடை. சாவி கொடுத்தால் தலையாட்டும் குரங்கு. நிமிர்ந்து பார்த்தால் அப்பா இல்லை. அழுதேன். கடைக்காரர் என் பாவாடைச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். இன்லண்டு லெட்டரைக் கிழித்து அப்பா எழுதிவைத்த பெயரும் பெரியப்பாவின் முகவரியும். அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் அப்பா ஓடிவந்துவிட்டார். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அவரைத்தான் திட்டினார். இப்போது காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் பிள்ளைகள் மணிக்கட்டில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டுகிறார்கள். அது எங்கள் அப்பாவின் காகிதம்தான்.

நான் பார்த்த உயிர் காலேஜைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். கூண்டுகள் நெருக்கம், நாற்றம், சுற்றிலும் வண்டிச் சத்தம். சிங்கம் ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டியே படுத்திருந்தது. மறு வருஷமே வண்டலூர்க் காட்டில் புது இடத்துக்கு வேலை தொடங்கிவிட்டார்கள். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருஷம் ஜூலை 24 அன்று வண்டலூர் உயிரியல் பூங்கா திறந்தது. இரண்டு மாதம்கூட இல்லை. பெரியப்பா போட்ட வரிசையின் நடுப்பகுதி காணாமல் போனது. பீப்பிள்ஸ் பார்க் இருந்த இடத்தில் இன்று ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம், அல்லிக்குளம் கடைகள். மூர் மார்க்கெட் மண்ணில் புறநகர் ரயில் நிலையம்.

மிருகங்களுக்கு நல்லது நடந்தது, அதில் சந்தேகமில்லை: வண்டலூர் 602 ஹெக்டேர். கஷ்டம் வந்தது கைக்குழந்தைக்காரர்களுக்கு. 1999இல் என் மகளைக் கூட்டிப்போனபோது பஸ்ஸில் பாரிமுனைக்குப் போய் இறங்கி, வந்த வழியே முப்பது கிலோமீட்டர் திரும்பி வண்டலூர் போனோம். போகும்போதே அவள் தூங்கிவிட்டாள். புலியை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. 2002இல் கோயம்பேடு பேருந்து நிலையம் வந்தது. அதனாலும் பெரிய மாற்றமில்லை.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். பட்டணத்துக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் புலம்பல். எனக்கும் முழங்கால் வலியோடு அங்கிருந்து வேறு பஸ் பிடிப்பது தண்டனைதான். ஆனால் மகளுக்கு லிஸ்ட் எழுதும்போதுதான் உறைத்தது: தெற்கேயிருந்து போகிற பஸ் இப்போது உயிர் காலேஜ் பக்கத்திலேயே நிற்கிறது! 1873க்குப் பிறகு பீப்பிள்ஸ் பார்க் வாசலில் நடந்ததேதான்.

அதனால் பெரியப்பாவின் வரிசையை அடித்துவிட்டு, தலைகீழாக எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் காலை வண்டலூர், வெயில் ஏறுவதற்குள். மத்தியானம் தூக்கம். மறுநாள் எழும்பூர், சாயங்காலம் கடற்கரை. உயிரைப் பார்த்த பிறகு எலும்பைப் பிள்ளைகள் பார்க்குமா என்று தெரியவில்லை. திமிங்கலத்தின் பேரில் நம்பிக்கை வைத்திருக்கிறேன். இருவர் சட்டைப் பையிலும் காகிதம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். "போன்தான் இருக்கேம்மா" என்றாள். போன் அவள் கையில் இருக்கும், தொலைந்த பிள்ளை கையில் இருக்காதே.

நீங்களும் புறப்படுவதாக இருந்தால் கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை.