பாக்சைட் என்னும் நிறம்

ஏற்காட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காப்பியிலிருந்தே தொடங்குவர். 1820-களில் சேலத்தின் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை ஊன்றியது, பின்னர் தோட்டங்கள் பெருகியது, வெள்ளையர் கோடைக்கு வந்து தங்கியது என்று அக்கதை நீளும். சேர்வராயன் மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் வெட்டி எடுக்கப்பட்ட கனிமங்களுக்கு அக்கதையில் ஓரிரு வரிகளே கிடைக்கும். கனிமங்களைச் சுமக்கும் ரயில் பெட்டிகளுக்கோ அந்த ஓரிரு வரிகளும் இல்லை. விடுபட்ட இப்பகுதியை, ரயில் சரக்குப் பெட்டிகளின் சிறு மாதிரிகளுக்கு வண்ணம் பூசும் கலையின் வழியாக இக்கட்டுரை அணுகுகிறது. வழி விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு நிறத்தின் பெயர் நம்மை அங்கே இட்டுச் செல்கிறது.

இங்கிலாந்தில் மாதிரி ரயில் கலைஞர்கள் வாங்கும் வண்ணப் புட்டிகளுள் ஒன்றுக்கு ‘பாக்சைட்’ என்று பெயர். பழுப்பும் சிவப்பும் கலந்த காவி நிறம் அது. லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே 1936-இல் தன் சரக்குப் பெட்டிகளுக்குச் சாம்பல் நிறத்தைக் கைவிட்டு இந்நிறத்தை ஏற்றது. 1948-இல் பிரிட்டிஷ் ரயில்வே நாட்டுடைமையான பிறகு, வண்டி முழுவதும் இணைந்து இயங்கும் வேக்குவம் பிரேக் பொருத்திய பெட்டிகளுக்குப் பாக்சைட், அது இல்லாதவற்றுக்குச் சாம்பல் என்று வழக்கம் வகுக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்க்கும் தொழிலாளிக்குப் பெட்டியின் தன்மையை நிறமே சொல்லிவிடும். இந்தியாவிலும் சரக்குப் பெட்டிகளுக்கு நெடுங்காலம் பூசப்பட்டது இதற்கு உறவான செங்காவியே. பட்டறை வழக்கில் ‘ரெட் ஆக்சைடு’.

பாக்சைட் என்பது அலுமினியத்தின் மூலக் கனிமம். பிரான்சின் தென்பகுதியில் லே போ என்ற ஊரருகே 1821-இல் பியேர் பெர்த்தியே இதைக் கண்டறிந்தார். ஊரின் பெயரே கனிமத்தின் பெயராயிற்று. இதன் சிவப்பு அலுமினியத்தால் வருவதன்று. உடன் கலந்துள்ள இரும்பு ஆக்சைடால் வருவது. சரக்குப் பெட்டிக்குப் பூசும் காவியின் நிறமியும் இரும்பு ஆக்சைடுதான். வேதியியல் நோக்கில் இதுவும் துருவும் நெருங்கிய உறவினர். துருவைத் தடுப்பதற்குப் பூசப்படும் பூச்சு, துருவின் உறவான ஒரு பொருளிலிருந்தே தன் நிறத்தைப் பெறுகிறது.

அந்தக் கனிமம் நம் சேர்வராயன் மலையின் உச்சிச் சமதளங்களில் கிடக்கிறது. அது அங்கே எப்படி வந்தது என்பதை அறிய மலையின் பாறையை அறிய வேண்டும். இம்மலை சார்னோகைட் என்னும் கடினமான கரும்பாறையால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் செய்யப்பட்டிருந்ததால் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அதற்கு இப்பெயரை இட்டார். இவ்வளவு கடினமான பாறையும் வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நிலத்தில் நெடுங்காலம் கிடந்தால் இளகுகிறது. நீர் அதிலுள்ள சிலிக்காவையும் கரையக்கூடிய பிறவற்றையும் கரைத்துக்கொண்டு போகிறது. கரையாத அலுமினியமும் இரும்பும் எஞ்சுகின்றன. அந்த எச்சமே பாக்சைட். நம் பாடநூல்கள் இந்நிகழ்வை வானிலைச் சிதைவு என்கின்றன. மாதிரிப் பெட்டியின் மீது மழையும் வெயிலும் பட்ட தோற்றத்தை வருவிக்கும் கைத்திறனையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். மலைக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நேர்ந்ததைப் பெட்டிக்கு ஒரு மாலைப்பொழுதில் நேர்விக்க முயல்கிறார் மாதிரிக் கலைஞர்.

மலையின் இந்த மொழியை முதலில் படித்தவர்களுள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைக் குறிப்பிட வேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்த அவர், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912-இல் மறைந்த அவருடைய நினைவுக்கல் அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. ஒரு கல்லின் மேற்பரப்பில் உள்ள செதுக்கலையும் தேய்வையும் பார்த்து, இது மனிதன் செய்தது, இது இயற்கை செய்தது என்று பிரித்தறிந்ததே அவருடைய சாதனை. கறையைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லும் கல்வி அது.

1861-இல் மதராஸ் ரயில்வேயின் பாதை சேலத்தை எட்டியது. மலையடிவாரத்தில் ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்றழைத்த வெள்ளைக் கரடுகள் உள்ளன. பெயர் அப்படியிருப்பினும் அங்கே கிடைப்பது சுண்ணக்கட்டி அன்று. மேக்னசைட் என்னும் கனிமம். இதை மிகுந்த வெப்பத்தில் சுட்டுச் செய்யப்படும் தீச்செங்கல், உருக்கு ஆலைகளின் உலைகளுக்கு உள்ளுறையாகிறது. சேலத்துக்கு அருகே ஒரு ரயில் நிலையத்துக்கே ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்று பெயர். ஊராலோ கோயிலாலோ அன்றிச் சரக்கால் பெயர்பெற்ற நிலையங்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே.

இங்கு மேக்னசைட் தொழிலை நடத்திய நிறுவனங்களுள் ஒன்று பர்ன் கம்பெனி. ஹவுராவில் ரயில் சரக்குப் பெட்டிகளைக் கட்டிய அதே நிறுவனம்! அது 1976-இல் இந்தியன் ஸ்டாண்டர்டு வேகன் கம்பெனியுடன் இணைந்து அரசுடைமையான பர்ன் ஸ்டாண்டர்டு ஆயிற்று. 2011-இல் சேலம் ஆலை மட்டும் பிரிந்து இந்திய உருக்கு ஆணையத்தின் கைக்குப் போனது. 2018-இல் பர்ன் ஸ்டாண்டர்டை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. சேலத்து வெள்ளைக்கல்லையும் சரக்குப் பெட்டியையும் ஒரே நிறுவனப் பெயர் இணைத்திருந்த காலம் அவ்வாறு முடிந்தது.

மலையுச்சிப் பாக்சைட்டின் கதை மேட்டூரில் போய்ச் சேர்கிறது. 1960-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, 1965 முதல் அங்கே அலுமினியம் உருக்கியது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் அதற்குக் கனிமம் தந்தன. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய நான்கு டன் பாக்சைட் வேண்டும். கனிமத்தின் சிவப்பு முழுவதும் செஞ்சேறாக ஒதுக்கப்பட, உலோகம் வெண்மையாக வெளிவருகிறது. 2008-இல் அங்கே உருக்குவது நின்றது. உச்சிச் சமதளங்களில் வெட்டிய பள்ளங்களும் மேட்டூரில் செஞ்சேறும் எஞ்சின.

இத்தகைய வரலாற்றுக்குச் சான்று எங்கே இருக்கும்? அலுவலகப் பதிவேடுகளில் டன் கணக்கு இருக்கலாம். டெல்லியில் 1977 முதல் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம் போன்றவற்றில் நாம் காண்பவை பெரும்பாலும் துடைத்து மெருகேற்றி நிறுத்திய எஞ்சின்களும் அரச பரம்பரையினர் பயணம் செய்த பெட்டிகளுமே. புதுப்பூச்சு ஏறிய பெட்டி தான் சுமந்ததை மறந்துவிடுகிறது. இவ்விடத்தில்தான் மாதிரிக் கலைஞரின் பணி வரலாற்றாசிரியர் பணியை நெருங்குகிறது. கலிஃபோர்னியாவின் ஜான் ஆலன் தன் ‘கோரி அண்ட் டெஃபெடிட்’ என்னும் கற்பனை ரயில்வேயில் அழுக்கையும் துருவையும் முறையாகத் தீட்டிக் காட்டியது இத்துறையின் போக்கையே மாற்றியது. 1973-இல் அவர் இறந்த சில நாட்களிலேயே அந்த அமைப்பு தீக்கிரையானது, புகைப்படங்களே எஞ்சின. இந்தியாவில் புனேயின் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இக்கலையைப் பொதுமக்களுக்குக் காட்டி வருகிறது.

மேக்னசைட் ஜங்ஷனில் நிற்கும் ஒரு பழைய திறந்த சரக்குப் பெட்டியை ஒருவர் 87-இல் ஒரு பங்கு அளவில் செய்ய முனைகிறார் எனக் கொள்வோம். முதற்சிக்கல் தண்டவாளத்திலேயே எழும். நம் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டர் இவ்வளவில் 19.3 மில்லிமீட்டர் ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். பலரும் அதனுடன் சமரசம் செய்துகொள்கிறார்கள். அடுத்து, பெட்டியைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, அடிப்பூச்சின் மேல் காவி பூச வேண்டும். உண்மைப் பெட்டியின் நிறத்தை அப்படியே பூசினால் சிறு மாதிரியில் அது கருத்துத் தெரியும். ஆகவே சிறிது வெளுப்புக் கலக்கப்படுகிறது. எழுத்துகளை ஒட்டுமுன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. அப்போதுதான் ஒட்டுத்தாளின் விளிம்பு தெரியாது.

அதன் பின்னரே சிதைவு தொடங்குகிறது. நீர்க்க கரைத்த கரும்பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட்டு உடனே துடைத்தால், ஆணித்தலைகளின் ஓரத்திலும் பலகை இடுக்குகளிலும் அது தங்கும். தமிழ் பயின்றவர்க்கு இம்முறை புதிதன்று. எழுத்தாணியால் கீறிய பனையோலையில் கரியைத் தடவித் துடைக்கும்போது கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் துலங்குவதையே நம்மவர் மையாடல் என்றனர். அடுத்து, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை வருடினால் தேய்ந்த முனைகள் வெளிப்படும். இறுதியில் வண்ணத்தூள், அது உதிராதிருக்க மங்கல் வார்னிஷ்.

ஒவ்வொரு கறைக்கும் காரணம் வேண்டும் என்பதே இக்கலையின் இலக்கணம். பிரேக் கட்டை தேய்ந்த தூள் சக்கரத்தருகே பழுப்பாகப் படியும். பக்கச்சுவரின் உச்சியில் படியாது. துருக்கோடு கதவுக் கீலிலிருந்து மழைநீர் வழியும் திசையில் கீழ்நோக்கி இறங்கும். பெட்டியின் உட்புறம் சரக்கு உராய்ந்து வண்ணம் இழந்திருக்கும். வெள்ளைக்கல் ஏற்றிய பெட்டி எனில் கதவின் அடியிலும் சட்டங்களின் மேல்விளிம்பிலும் வெண்தூள் கிடக்கும். நிலக்கரி ஏற்றியிருந்தால் அவ்விடத்தில் கருமை இருக்கும். பழுதுபார்த்த தேதியை எழுதுமிடத்தில் மட்டும் புதுப்பூச்சு ஒரு சிறு கட்டமாகத் தெரியலாம். காரணமின்றி அழகுக்காகத் தீட்டிய துரு, பதிப்பாசிரியர் ஓசைக்காகத் திருத்திய பாடம் போன்றது. பார்க்க இனிது, நம்பத்தக்கதன்று.

ஆகவே இப்படி ஒரு பெட்டிக்கு வண்ணம் பூசுபவர், அது எங்கே நின்றது, எதைச் சுமந்தது, எந்தப் பக்கத்திலிருந்து யார் ஏற்றினார்கள், எத்தனை மழை பார்த்தது என்றெல்லாம் கேட்டாக வேண்டும். நம் ஊர் வரலாறுகள் கேட்க மறந்த கேள்விகள் இவை. சேர்வராயனிலும் கரடுகளிலும் வெட்டியெடுத்த கல் திரும்பி வராது. அதைச் சுமந்த பெட்டிகளும் ஒருநாள் கழிவிரும்பாகிவிடும். அந்த வெண்தூள் எந்த விளிம்பில் எவ்வளவு தடிப்பில் படிந்தது என்பதை, அதைக் கண்டவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏட்டில் எழுதினாலும் சரி, விரல் நீளப் பெட்டியொன்றில் தீட்டி வைத்தாலும் சரி, அதுவும் இம்மலையின் வரலாற்றில் ஓர் ஏடாக நிற்கும்.