இறாலும் ஈரப்பாயும்



கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் ஈறாக நீளும் புத்தளம் மாவட்டக் கரையில் மீனும் இறாலும் நண்டும் அன்றாட உணவு. பல குடும்பங்களுக்கு அவையே பிழைப்பு. அத்தகைய வீட்டிற் பிறந்த பிள்ளை இறால் உண்ண மறுத்தால் அதனைச் செல்லம் என்பர். இரவிற் பாயை நனைத்தாற் சோம்பல் என்று பிரம்பெடுப்போரும் உளர். இவ்விரு பழிகளும் பொருந்துமா? மருத்துவ வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

பாய் நனைத்தல் புதுமையான குறை அன்று. கி.மு. 1550 அளவில் எழுதப்பெற்ற ஏபர்ஸ் எனும் எகிப்தியச் சுவடியிலேயே சிறுவர் சிறுநீரை அடக்கமாட்டாமைக்கு மருந்து காணப்படுகின்றது. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் குழந்தை மருத்துவ நூல் செய்த தோமஸ் ஃபேயர், சேவலின் மூச்சுக்குழாயைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார். 1904இல் ஜெர்மன் மொழி மருத்துவரான ஃபவுண்ட்லர், படுக்கை நனைந்ததும் தாதியரை அழைக்க மின்மணி ஒன்றை அமைத்தார். விந்தை யாதெனில், பிள்ளைகள் நாளடைவில் நனைக்காமலே இருக்கப் பழகினர். அடி செய்யாததை மணி செய்தது. அம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

இனி, உணவுக்கு வருவோம். சில உணவுகளைக் ‘கிரந்தி’ என்று விலக்குவது ஈழத்தமிழர் வழக்கு. 1906இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே ‘அலர்ஜி’ என்ற சொல்லைப் படைத்தார். அதனை நாம் ஒவ்வாமை என்கிறோம். 1921இல் பிரவுஸ்னிட்ஸ், குஸ்ட்னர் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். குஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய குருதி நீரைப் பிரவுஸ்னிட்ஸ் தம் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றைச் செலுத்தினார். அவ்விடம் தடித்துச் சிவந்தது! ஒவ்வாமை மனத்தின் பிடிவாதம் அன்று, குருதியில் உள்ளதொரு பொருளின் செயல் என்பது புலனாயிற்று. அப்பொருளை 1966இல் இஷிசாக்கா தம்பதியர் இனங்கண்டனர்.

அவ்வாறாயின், உணவே பாயையும் நனைக்கின்றதா? அவ்வாறு நிகழலாம் என 1931இல் ஜோர்ஜ் பிரே எழுதினார். 1992இல் எகர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாத உணவுகளை நீக்கியதும் 21 சிறுவருள் 12 பேருக்கு இக்குறை நின்றது. மேலும் நால்வருக்குக் குறைந்தது. ஆயினும் அவர்கள் ஒற்றைத் தலைவலியோ மிகைத்துடிப்போ உடைய சிறுவர்; உணவு நீக்கத்தால் அத்துன்பங்கள் தணியப்பெற்றவர்கள். அம்முடிவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருத்துதல் தகாது. பெரும்பாலும் பரம்பரை, எளிதிற் கலையாத உறக்கம், சிறுநீரைக் குறைக்கும் சுரப்பு இரவிற் போதாமை, மலச்சிக்கல் ஆகியவையே காரணங்கள். ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பிள்ளைகளுக்கு இது உண்டு. வளர வளரப் பெரும்பாலோர்க்குத் தானே நீங்கும்.

ஆதலின், பாய் நனைகிறதென்ற ஒரே காரணத்தால் மீனையும் முட்டையையும் நிறுத்திப் பிள்ளையை மெலியச் செய்தல் வேண்டா. இறால் உண்டதும் உடல் தடித்தால் அதனை நிறுத்தி வைத்தியரை நாடுக. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு கணமும் தாழாது வைத்தியசாலைக்கு விரைக. நெடுநாள் நனையாதிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தாலும், நீர் கழிக்க வலித்தாலும், தாகம் மிகுந்தாலும் வைத்தியரிடம் காட்டுக.

பாயை வெயிலில் உலர்த்தலாம். அயலார் முன்னிலையில் நாணிய பிள்ளையின் மனம் அத்துணை எளிதில் உலராது.