குழாயில் அடைத்த பொடி

கலந்து கிடக்கும் வஸ்துக்களைத் திரவத்தின் ஓட்டத்தைக் கொண்டு தனித்தனியே பிரிக்கும் குரோமட்டோகிராபி என்னும் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அழுத்தம் தரும் பம்பையும் வெளிவருவதைக் கணக்கெடுக்கும் கருவியையும் வியந்து போற்றுவதே வழக்கமாயினும், அதன் நூறாண்டு விருத்தாந்தத்தை ஊன்றிப் படிக்கிற எவருக்கும், அக்கலையின் ஜீவன் குழாய்க்குள் அடைத்த பொடியிலேயே இருந்து வந்திருக்கிறது என்பது விளங்காமற் போகாது.

ருஷ்யத் தாவர சாஸ்திரியான மிகயீல் ஸ்வெட், அந்நாளில் ருஷ்ய சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த வார்ஸா நகரில், 1903ஆம் வருஷம் மார்ச் மாதம், இயற்கை ஆராய்ச்சியாளர் சங்கத்தின் முன் தம் புதிய முறையை எடுத்துரைத்தபோது, அவரிடம் இருந்த சாதனங்களெல்லாம் ஒடுங்கிய கண்ணாடிக் குழாய்களும் அவற்றில் இடித்து அடைத்த பொடியும்தான். நூற்றுக்கு மேற்பட்ட பொடிகளை அவர் சலியாமல் சோதித்தார். இலையின் வர்ணங்களைப் பிரிப்பதற்குக் கால்சியம் கார்பனேட், இனுலின், சர்க்கரை முதலிய சாதுவான பொருள்களே ஏற்றவை என்று கண்டார். இலைச்சாற்றைக் கரைத்து ஊற்றியபோது, பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனி வளையங்கள் குழாயில் இறங்கின. 1906ஆம் வருஷம் ஜெர்மன் தாவரவியல் சங்கத்தின் பத்திரிகையில் இம்முறைக்குப் பெயர் சூட்டி எழுதிய அவர், பொடி இயன்றவரை நுண்ணியதாக இருக்கவேண்டும் என்றும், பருமனான துகள்களுக்கிடையே உள்ள அகன்ற சந்துகளில் கரைசல் பரவி வளையங்களின் ஓரம் கலங்கிவிடும் என்றும் வற்புறுத்தியிருக்கிறார். பின்வந்த ஒரு நூற்றாண்டின் உழைப்பு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதப்பட்ட விரிவுரை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் அவர் வாழ்நாளில் அதைக் கேட்பார் இல்லை. புகழ்பெற்ற ரசாயன அறிஞர் வில்ஸ்டேட்டர் இம்முறையில் நம்பிக்கை கொள்ளவில்லை. வீரியம் மிகுந்த பொடியை அவர் பயன்படுத்தியதால் பச்சையம் குழாய்க்குள்ளேயே சிதைந்தது என்று பிற்காலத்தார் காரணம் கூறுகின்றனர். ஸ்வெட் 1919இல் காலமானார். வில்ஸ்டேட்டரின் மாணாக்கரான கூனும் அவருடன் உழைத்த லெடரரும் வின்டர்ஸ்டைனும் 1931இல் ஹைடெல்பர்க் நகரில் கரோட்டினைப் பகுத்துக் காட்டிய பிறகே, அக்கலை மறுபடியும் உயிர் பெற்றது.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சாலையில் இருந்த மார்ட்டினும் சிஞ்சும், 1941இல், தண்ணீரை உறிஞ்சியும் பொடியாகவே நிற்கும் சிலிகா ஜெல்லைக் குழாயில் நிரப்பி, அதன்மேல் குளோரோபாரத்தைச் செலுத்தி அமினோ அமிலங்களின் அசெட்டைல் சேர்மங்களைப் பிரித்தார்கள். 1952ஆம் வருஷத்து நோபெல் பரிசுக்கு மூலம் இதுவே. மிகச் சிறிய துகள்களும் மிகுந்த அழுத்த வேறுபாடும் சேர்ந்தால்தான் பிரிவினை உச்ச நிலையை எட்டும் என்று அக்கட்டுரையிலேயே அவர்கள் முன்னறிந்து கூறியும், அதை நிறைவேற்ற உலகுக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தாமதத்துக்குத் தக்க காரணம் உண்டு. துகளின் நுண்துளைகளுக்குள் புகுந்த மூலக்கூறு மீண்டு வெளிவரும் காலம் துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே விட்டம் பாதியானால் அக்காலம் கால்பங்காகிறது. ஆனால் அதே வேகத்தில் திரவத்தைச் செலுத்த வேண்டிய அழுத்தமோ நான்கு மடங்காகிவிடுகிறது. மேலும், படியில் நெல்லைக் குலுக்கி நிரப்புவதுபோல் உலர்ந்த பொடியைக் குழாயில் நிரப்புவது சுமார் 20 மைக்ரான் வரைதான் செல்லும். அதற்கும் நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, இடையிடையே வெற்றிடங்களை விட்டுவிடும். திரவத்தில் கூழ்போல் கலக்கி, உயர்ந்த அழுத்தத்தில் குழாய்க்குள் செலுத்தும் உபாயம் கைவந்த பிறகே, 1970களில் 10 மைக்ரான் துகள்கள் புழக்கத்துக்கு வந்தன.

இதற்கிடையே, 1960களின் பிற்பகுதியில், யேல் சர்வகலாசாலையில் ஹோர்வாத்தும், டூபாண்ட் நிறுவனத்தில் கிர்க்லண்டும் வேறொரு வழியை நாடினார்கள்: உள்ளே கெட்டியான மணி, மேலே மெல்லிய மேலுறை. புகவேண்டிய ஆழம் குறைந்ததால் பிரிவினை விரைந்தது. ஆனால் மேலுறை கொள்ளும் அளவு சொற்பம். அதனால் முழுவதும் துளையுள்ள சிறு துகள்கள் வந்ததும் அந்த மேலுறை மணிகள் வழக்கொழிந்தன. அத்துகள்கள் 5 மைக்ரானாகவும் 3 மைக்ரானாகவும் சிறுத்து, 2004இல் 1.7 மைக்ரானை அடைந்தபோது, ஆயிரம் வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் கருவி அவசியமாயிற்று. சிலிகாவில் கலந்திருந்த உலோக மாசுகளை நீக்கியதால் காரத்தன்மையுள்ள மருந்துகள் வால் நீண்டு வெளிவரும் தொல்லை குறைந்ததும், புரதங்களுக்காக 300 ஆங்ஸ்ட்ரம் அகலத் துளைகள் ஏற்பட்டதும் இந்தக் காலத்துக் காரியங்களே.

2006இல் கிர்க்லண்டே தம் பழைய கருத்துக்குத் திரும்பி, 1.7 மைக்ரான் கெட்டி மணியின்மேல் அரை மைக்ரான் மேலுறை அமைந்த, மொத்தம் 2.7 மைக்ரான் துகளைச் சகாக்களோடு உருவாக்கினார். அது 1.7 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய ஈடாகப் பிரித்தது. ஆனால் அதற்கு வேண்டிய அழுத்தம் பாதிக்கும் குறைவு. மேலுறை மெல்லியதானதே இதற்குக் காரணமென்று முதலில் எல்லோரும் எண்ணினர். ஆராய்ந்து பார்த்தபோதோ, சிறிய மூலக்கூறுகளின் விஷயத்தில் பெரும்பங்கு நன்மை வேறு இரண்டு காரணங்களால் விளைந்தது என்று தெரிந்தது: கெட்டியான உட்பகுதி, மூலக்கூறுகள் குழாயின் நெடுகில் முன்பின்னாகப் பரவும் இடத்தைக் குறைத்தது; துகள்கள் குழாயில் சீராக அமர்ந்து திரவத்துக்குச் சமமான வழிகளைத் தந்தன.