மறைந்த ஒளியின் கணக்கு: குவாசர் நிறமாலையும் தொலைதூரக் கேலக்ஸிகளின் வாயுவும்

விண்மீன்கள் பிறக்க வேண்டுமானால் முதலில் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு கையிருப்பில் இருக்க வேண்டும். எலக்ட்ரானை இழக்காத நடுநிலை ஹைட்ரஜன் அணுக்கள் 21 செ.மீ. அலைநீளத்தில் ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. பால்வெளியிலும் அண்டைக் கேலக்ஸிகளிலும் வாயு எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று வரைபடம் போட அந்த அலை போதும். ஆனால் அது மிக மெலிந்தது. தொலைவு கூடக் கூட எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாமல் போய்விடுகிறது. ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்ஸிகளின் வாயுவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, பின்னாலிருந்து வரும் குவாசர் (மிகத் தொலைவில் பேரொளி வீசும் கேலக்ஸி மையம்) ஒளியில் அந்த வாயு விழுத்திய நிழலைப் படித்துப் பெற்றது. வழியில் எவ்வளவு பொருள் குறுக்கிட்டது என்பதை நிழல் துல்லியமாகச் சொல்லும். குறுக்கிட்டதன் உருவத்தைச் சொல்லாது. இத்துறையின் வரலாற்றை இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1963இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசரின் செம்பெயர்ச்சியை, அதாவது பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்ட விகிதத்தை, 0.158 என்று கண்டறிந்தார். இந்த எண் கூடக் கூடத் தொலைவும் காலமும் பின்னோக்கிக் கூடும். இரண்டே ஆண்டுகளில் 3சி 9 குவாசருக்கு 2.01 என்ற மதிப்பு கிடைத்தது. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். ஹைட்ரஜன் மிக வலுவாக ஒளியை உட்கவரும் லைமன் ஆல்ஃபா கோடு 1216 ஆங்ஸ்ட்ராமில், புற ஊதாப் பகுதியில் இருக்கிறது. வளிமண்டலம் அதை உள்ளே விடாது. செம்பெயர்ச்சி 2 ஆகும்போது அலைநீளம் மும்மடங்காகி, 3660 ஆங்ஸ்ட்ராம் அருகே வந்து, தரையிலுள்ள தொலைநோக்கிக்குப் புலப்பட்டுவிடுகிறது. கால்டெக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் 1965இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கேலக்ஸிகளுக்கு இடையிலான வெளியில் நடுநிலை ஹைட்ரஜன் நிரம்பியிருந்தால், லைமன் ஆல்ஃபாவுக்கு நீலப்பக்கம் நிறமாலை ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லை. ஆக, இடைவெளியிலுள்ள ஹைட்ரஜன் அநேகமாக முழுவதும் அயனியாகிவிட்டது. நடுநிலை வாயு இருக்குமானால் திட்டுத் திட்டாக, ஏதோ சில இடங்களில் பதுங்கித்தான் இருக்க வேண்டும்.

திட்டுகள் விரைவிலேயே அகப்பட்டன. 1969இல் ஜான் பாக்கால், லைமன் ஸ்பிட்சர் இருவரும், கேலக்ஸிகளைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் வாயுவே குவாசர் நிறமாலையில் உட்கவர் கோடுகளை உண்டாக்குகிறது என்று முன்மொழிந்தார்கள். 1971இல் ரோஜர் லிண்ட்ஸ், 4சி 05.34 குவாசரில் லைமன் ஆல்ஃபா கோடுகள் அடர்ந்து மண்டிக் கிடப்பதைக் காட்டினார். இக்கோடுகள் குவாசரே வெளியே வீசிய வாயுவால் ஆனவையா, இடைவழியில் தற்செயலாகக் குறுக்கிட்டவையா என்ற சண்டை எழுபதுகள் முழுக்க நடந்தது. அதைச் சுருக்கமாகவே சொல்லலாம்: லண்டனில் அலெக் பாக்சன்பர்க் உருவாக்கிய ஒளித்துகள் எண்ணும் கருவியைக் கொண்டு அவரும் வாலஸ் சார்ஜென்ட் குழுவினரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலான கோடுகளுக்கும் அந்தந்தக் குவாசருக்கும் தொடர்பில்லை என்ற பக்கம் தராசைச் சாய்த்தது.

நம் கதைக்கு வேண்டியது அந்த மெல்லிய கோடுகள் அல்ல. 1972இல் பி.எச்.எல். 957 குவாசரில், 2.309 செம்பெயர்ச்சியில், அகன்ற பள்ளம் போன்ற ஒரு கோடு பதிவாகியிருந்தது. அப்படிப்பட்டவற்றைத் திட்டமிட்டுத் தேடியவர் ஆர்தர் வுல்ஃப். டேவிட் டர்ன்ஷெக் முதலியோருடன் லிக் ஆய்வகத்தின் 3 மீட்டர் தொலைநோக்கியில் நடத்திய கணக்கெடுப்பை அவர் 1986இல் வெளியிட்டார். அதன் அடிப்படை எளிமையானது. கிளர்வுற்ற அணு அந்நிலையில் சொற்ப நேரமே தங்குவதால் அதன் கோட்டுக்கு இருபுறமும் மெல்லிய சிறகுகள் இயல்பாகவே உண்டு. அணுக்கள் மிக அதிகமாகத் திரண்டால் அந்தச் சிறகுகளும் ஒளியை விழுங்கத் தொடங்கும். அந்நிலையில் பள்ளத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது வாயுவின் சலனமோ வெப்பமோ அல்ல. அணுக்களின் எண்ணிக்கை மட்டுமே. அகலத்தை அளந்தால் அணுக்களை எண்ணியாயிற்று. அதற்கு நுட்பமான நிறமாலைமானிகூடத் தேவையில்லை, செம்பெயர்ச்சி 2.5இல் பள்ளம் 35 ஆங்ஸ்ட்ராம் அகலம் விரிந்துவிடும்.

வுல்ஃப் வைத்த வரம்பு, பார்வைக்கோட்டின் ஒரு சதுர செ.மீ. பரப்பில் 2 × 10²⁰ அணுக்கள். கேட்கப் பெரிய எண். ஆனால் தரைமட்டத்தில் எட்டு செ.மீ. நீளக் காற்றில் இருக்கும் மூலக்கூறுகள்தான் கணக்கு. ஒரு கேலக்ஸியை ஊடுருவிவரும் ஒளி வழியில் சந்திப்பது அவ்வளவே. இன்றைய சுருள் கேலக்ஸிகளின் வாயுத்தட்டுகளில் 21 செ.மீ. அலை காட்டும் செறிவை ஒட்டியே இந்த வரம்பு தெரிவு செய்யப்பட்டது. கட்டுரைத் தலைப்பிலேயே அவர் ‘தட்டுக் கேலக்ஸிகள்’ என்று போட்டுவிட்டார். நிழலைக் கண்டதுமே உருவத்துக்கும் பெயர் வைத்தாயிற்று. பின்னால் வந்த வழக்கெல்லாம் இதிலிருந்து முளைத்ததுதான்.

எண்ணிக்கை தொடர்பான பணி மளமளவென்று வளர்ந்தது. தொண்ணூறுகளில் கென்னத் லான்செட்டாவும் வுல்ஃபும், செம்பெயர்ச்சி 3 அருகே இருந்த நடுநிலை வாயுவின் நிறை, இன்றுள்ள விண்மீன்களின் மொத்த நிறைக்கு ஒப்பானது என்றார்கள். அன்றைய வாயு அப்படியே இன்றைய விண்மீன்களாகிவிட்டது என்ற அழகான முடிவுக்கு அது இட்டுச்சென்றது. சற்று அழகு கூடிய முடிவுதான். ஸ்லோன் வான் கணக்கெடுப்பின் பெருந்தரவு 2005 முதல் வரத் தொடங்கியதும் அந்த மதிப்பு இறங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை வாயுவின் அளவு ஏறத்தாழப் பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. விண்மீன்களின் நிறையோ பல மடங்கு பெருகியிருக்கிறது. செலவழியச் செலவழிய வெளியிலிருந்து புது வாயு கேலக்ஸிகளுக்குள் வந்துகொண்டே இருந்தால் தவிர இந்தக் கணக்கு நேராகாது.

நிழல் அளவோடு நிற்கவில்லை, வாயுவில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் சொன்னது. இரும்பு தூசியில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். துத்தநாகம் அவ்வளவாக ஒட்டாது. மேக்ஸ் பெட்டினி குழுவினர் துத்தநாகத்தின் கோடுகளை அளந்து, இந்த வாயுவில் கன தனிமங்கள் சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் என்று 1994இல் காட்டினார்கள். புனேயிலுள்ள ஐயூக்கா வானியல் மையத்தின் ரகுநாதன் ஸ்ரீஆனந்த், பாட்ரிக் பெட்டிழான், செட்ரிக் லெதூ மூவரும் 2000இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. 2.34 செம்பெயர்ச்சியிலிருந்த வாயுவின் கார்பன் அணுக்களையும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் வெப்பமானியாகக் கொண்டு, அக்காலத்தில் அண்ட நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சின் வெப்பநிலை 6க்கும் 14க்கும் இடைப்பட்ட கெல்வின் என்று கண்டார்கள். பெருவெடிப்புக் கோட்பாடு எதிர்பார்த்தது 9.1. எட்டு ஆண்டுகள் கழித்து, சற்று அதிகச் செம்பெயர்ச்சியிலுள்ள வேறொரு வாயுத்திரளில் கார்பன் மோனாக்சைடைக் கண்டு இன்னும் கூர்மையாக அளந்தபோது கிடைத்தது 9.15, எதிர்பார்த்தது 9.3.

உருவம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. 1997இல் ஜேவியர் ப்ரோஷாஸ்காவும் வுல்ஃபும், கெக் தொலைநோக்கியின் நுண்ணிய நிறமாலைகளில் உலோகக் கோடுகள் ஒருபக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து, இவை நொடிக்கு 200 கி.மீ.க்கு மேல் சுழலும் தடித்த தட்டுகளே என்றார்கள். மறு ஆண்டே மார்ட்டின் ஹெனெல்ட், மத்தியாஸ் ஸ்டைன்மெட்ஸ், மைக்கேல் ரௌக் மூவரும், ஒன்றோடொன்று மோதி இணையும் சிறு வாயுக்கட்டிகளும் அதே சாய்வைத் தரும் என்று கணினிப் பாவனையில் காட்டினார்கள். ஒற்றைக் கோட்டில் விழும் நிழலை வைத்து இரண்டில் எது மெய்யென்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை. கேலக்ஸியையே படமெடுக்கலாம் என்றால், பக்கத்தில் குவாசரின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறது.

சிலியிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கித் தொகுதி வந்த பிறகே இது மாறியது. அயனியாகிய கார்பன் 158 மைக்ரான் அலைநீளத்தில் உமிழும் ஒளியை அது பிடித்தது. அந்த அலைநீளத்தில் குவாசர் அவ்வளவு தொல்லை செய்வதில்லை. மார்செல் நீலமன், புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் (என்.சி.ஆர்.ஏ.) நிசிம் கனேகர், ப்ரோஷாஸ்கா குழுவினர் 2017இல் செம்பெயர்ச்சி 4 அருகே இரண்டு நிழல்களுக்குரிய கேலக்ஸிகளைக் கண்டார்கள். 2020இல் அவற்றுள் ஒன்று, பிரபஞ்சத்துக்கு வயது 150 கோடி ஆண்டே ஆனபோது நொடிக்கு ஏறத்தாழ 272 கி.மீ. வேகத்தில் சுழன்ற குளிர்ந்த தட்டு என்று நிறுவினார்கள். 2014இல் மறைந்த வுல்ஃபின் பெயரால் அது ‘வுல்ஃப் தட்டு’ எனப்படுகிறது. மரியாதை பொருத்தமானது; வழக்கு அவர் பக்கம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது அவசரம். அவ்விரு கேலக்ஸிகளிலும் குவாசரின் பார்வைக்கோடு மையத்திலிருந்து பல்லாயிரம் ஒளியாண்டுகள் விலகியே செல்கிறது. நிழல் விழுத்தியது தட்டைச் சுற்றியுள்ள புறவாயுவாகவே இருக்கக்கூடும். அப்படியானால் பாக்காலும் ஸ்பிட்சரும் 1969இல் சொன்னதற்கே அது நெருங்கி வருகிறது.

நிழலை விட்டு உமிழ்வையே நேராகக் கேட்கும் முயற்சியும் பழையதுதான். 1970இல் முடிந்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கி இயங்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ், செம்பெயர்ச்சி 3.35இலிருந்து வரும் 21 செ.மீ. அலைக்குப் பொருந்துகிறது. அதை அமைத்த கோவிந்த் ஸ்வரூப், பின்னர் புனே அருகே மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியபோது, ஆதிக் கேலக்ஸிக் கொத்துகளின் ஹைட்ரஜனைக் கண்டறிவதை அதன் முதன்மை நோக்கங்களில் ஒன்றாக வைத்தார். எதிர்பார்த்த ராட்சதத் திரள்கள் அகப்படவில்லை. ஆனால் 2020இல் ஆதித்ய சௌதுரி, கனேகர், ஜெயராம் செங்கலூர் முதலியோர் அதே தொலைநோக்கியில் 7,653 கேலக்ஸிகளின் சைகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரிச் செம்பெயர்ச்சி 1.03இல் 21 செ.மீ. உமிழ்வைக் கண்டார்கள். அக்கேலக்ஸிகளின் கையிருப்பு வாயு, விண்மீன்கள் பிறக்கும் அன்றைய வேகத்துக்கு நூறு முதல் இருநூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் தாங்கும்.