மல்லாட்டை ஏறிய கப்பல்

பாண்டிக்கு வருகிற நண்பர்கள் எல்லாரிடமும் ஒரே பட்டியல்தான் இருக்கும். மஞ்சள் சுவர் வீடுகள், ஒரு குரோசான், ஒரு காபி, ராத்திரி கடற்கரைச் சாலையில் நடை, ஊருக்குத் திரும்பும்போது பையில் மலிவாக ஒரு பாட்டில். ‘ஐரோப்பா போகக் காசில்ல, அதான் இங்க வந்துட்டோம்’ என்று சிரிப்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. அந்த ரொட்டி எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் இருப்பது சேதராப்பட்டில், மயிலம் சாலையில், தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில். இதுவும் புதுச்சேரிதான். கொஞ்சதூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். இங்கிருந்து பார்த்தால் அந்தத் துறைமுக நகரத்தின் ருசி கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில், துறைமுக நகரம் என்கிறோமே, பாண்டிச்சேரிக்கு அதன் பெரிய நாட்களில் துறைமுகமே கிடையாது. கப்பல் ஒதுங்க வளைகுடா இல்லை. கப்பல்கள் கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை. அந்த அலையைத் தாண்டியது சலங்கு. பலகைகளை ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்தக் கரையில் மோதினால் உடைந்துபோகும். சலங்கு நெளிந்துகொடுக்கும். ஒயின் பீப்பாய், கவர்னர், பாதிரியார், கடிதப் பை எல்லாம் நம்மூர்ப் படகோட்டிகள் கையால்தான் கரை சேர்ந்தன. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த செய்தியும் பீரங்கிச் சத்தமும் திரும்பத் திரும்ப வரும். ஒரு கப்பல் வந்தால் ஊரே மூச்சுவிடும். கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் 1866இல்தான் வந்தது. அதையும் 1952 புயல் உடைத்துப்போட்டது.

நாம் ரசிக்கிற அந்தத் தெருக்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாய்க் கோடு போட்டதுபோல நேராக இருக்கும் அந்த அமைப்பு பிரெஞ்சுக்காரர்கள் யோசித்ததே அல்ல. 1693இல் ஊரைப் பிடித்து ஆறு வருஷம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டம் அது. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரையும் கோட்டையையும் தரைமட்டமாக்கினார்கள். பின்னால் மறுபடி சண்டை, மறுபடி கைமாற்றம். கடைசியாக 1814 ஒப்பந்தப்படி 1816இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது இரண்டு நிபந்தனைகள் இருந்தன. 1792 ஜனவரி 1 அன்று அவர்களிடம் இருந்த கிராமங்கள் மட்டுமே திரும்பக் கிடைக்கும். கோட்டை கட்டக் கூடாது. கடலை மறைக்கக் கோட்டை இல்லாமல் போனதால்தான் இன்றைக்கு நமக்கு நடக்க அவ்வளவு திறந்த கடற்கரை கிடைத்தது என்பது என் கணிப்பு. முதல் நிபந்தனையின் விளைவு எங்கள் பக்கம் தெரியும். துண்டு துண்டாய், நடுநடுவே அடுத்தவர் மண் புகுந்த ஒரு வரைபடம். இன்றும் மயிலம் சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு எது எந்த மாநிலம் என்று கடைப் பலகையைப் படித்தால்தான் புரியும்.

சரி, அந்தக் கப்பல்களில் என்ன ஏறியது? வெகுகாலம் நீலத்துணி. பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று சொன்ன, அவுரியில் முக்கிய துணி. அது இங்கிருந்து பிரான்ஸ் வழியாக ஆப்பிரிக்காவின் செனகல் நதிக்கரைக்குப் போய், அங்கே பிசின் வாங்கப் பணம்போலவே புழங்கியது. பிறகு வந்தது மல்லாட்டை. சென்னைக்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென்னாற்காட்டிலும் பாண்டியிலும் அதற்கு வேறு பேர் சொன்னால் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

மார்செய் என்ற பிரெஞ்சுத் துறைமுக நகரம் சோப்புக்குப் பேர்போனது. சோப்புக்கு எண்ணெய் வேண்டும். ஆலிவ் எண்ணெய் மட்டும் கட்டுப்படியாகவில்லை. 1840கள் முதல் செனகலிலிருந்து கடலை போக ஆரம்பித்தது. பின்னால் தென்னாற்காட்டுக் கடலையும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆங்கிலேயர் எல்லைக்குள் செம்மண்ணில் விளைந்தது மாட்டு வண்டியில் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து பாண்டிக்கு ரயில் வந்த பிறகு ரயிலிலும் வந்தது. அங்கிருந்து கப்பலேறி மார்செய். அந்த ஊர்க்காரர் கை கழுவிய சோப்பிலும், மீன் பொரித்த எண்ணெயிலும் எங்கள் பக்கத்துக் காடு கொஞ்சம் இருந்திருக்கும். மார்செயின் கடற்கரைக் கஃபேக்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். களை வெட்டிய பெண்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

திரும்பி வந்த ருசிகளும் உண்டு. மார்செய் மீனவர்கள் விலைபோகாத மீனைப் போட்டுக் காய்ச்சிய பூயாபேஸ் இங்கத்திய கிரியோல் வீடுகளுக்கு வந்தபோது குங்குமப்பூவுக்குப் பதில் மஞ்சள் ஏறிக்கொண்டது. இங்கிருந்து போனது வடவம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் நாள்கணக்கில் காயவைப்போமே, அதே தாளிப்பு வடகம்தான். பிரெஞ்சு வாயில் அது ‘வதுவான்’ ஆனது. இன்று மேல்நாட்டுச் சமையல்காரர்கள் அதைச் சின்னப் புட்டிகளில் தூளாக வாங்கி ஆட்டுக்கறியில் தூவுகிறார்கள். விளக்கெண்ணெய் வாசம் மட்டும் அந்தப் புட்டிக்குள் போகவில்லை.

குடியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பாண்டி என்றால் பாட்டில் என்ற பேருக்கும் பிரெஞ்சு ஒயினுக்கும் சம்பந்தம் குறைவு. ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுக்க வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, கடை திறந்திருந்தது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்த பிறகும் கடை மூடவில்லை. தமிழ்நாட்டில் தடைசெய்த கள்ளும் சாராயமும் இங்கே ஏலம் எடுத்த கடைகளில் இன்னும் சட்டப்படி விற்கின்றன. எல்லையோரக் கடைகளில் சாயங்காலம் நிற்பது ஒயின் ருசி பார்க்க வந்தவர்கள் இல்லை. கூலி முடிந்து வந்தவர்கள். ஒரு ஒப்பந்தத்தின் கோணல் கோடு எத்தனை வீட்டுக் காசைக் குடித்திருக்கிறது என்பதை எந்தச் சுற்றுலாக் கையேடும் போடாது.

கடைசியில் பாண்டிக்கு நிஜமாகவே ஒரு துறைமுகம் கட்டினார்கள். 1980களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், இரண்டு கல்தடுப்புகளோடு. இந்தக் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். தடுப்பு அதை மறித்தது. தெற்கே மணல் குவிய, வடக்கே நகரத்துக் கரை அரித்துப்போனது. காந்தி சிலைக்கு முன்னால் பார்க்கிறோமே, அந்தக் கருங்கல் குவியல் கடலழகுக்காகப் போட்டதல்ல. சாலையையே கடல் கொண்டுபோகாமல் இருக்கப் போட்டது. நகரத்துக்கு வடக்கே மீனவர் குப்பங்களுக்குப் படகு ஏற்றி வைக்க இடமில்லாமல் போயிற்று. 2018இல் கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

இடையில், 2000களில், இன்னும் பெரிய துறைமுகத்துக்குத் திட்டம் போட்டார்கள். எதிர்ப்பு வந்தது, திட்டம் நின்றது. அதே காலத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று சேதராப்பட்டிலும் பக்கத்துக் கரசூரிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. மண்டலம் வரவில்லை. விதைப்பும் இல்லாமல், தொழிற்சாலையும் இல்லாமல் அந்த நிலம் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது.